கூட்டக் குறிப்பு, பக்கம் ஒன்பது

அம்பாங் சாலை விடுதியின் மூன்றாம் மாடி.
எட்டரை மணிக்கு நாற்பத்திரண்டு பேர்
பசியாறிவிட்டு வந்து உட்கார்ந்தார்கள்.
நாற்பத்து மூன்றாவது நாற்காலி என்னுடையது,
சுவரோரம், பெயர்ப்பலகை இல்லாமல்.
கேட்பதை மலாயில் எழுதுவது என் வேலை.
கேட்டதைத் தமிழில் நினைத்துக்கொள்வது
சம்பளத்தில் சேராது.

திரையில் ஒரு மலை, பின்னால் சூரியன்,
கீழே கொட்டை எழுத்தில்
அடுத்த இருபது ஆண்டுக்கான தேசியப் பண்பாட்டுத் தொலைநோக்கு.
சூரியன் ஏறுகிறதா இறங்குகிறதா என்று
யாரும் கேட்கவில்லை.
குளிர்சாதனம் மட்டும் அதற்குள்
கேமரன் மலையை எட்டிவிட்டிருந்தது.

முதல் இரண்டு மணி நேரம் ஒரு சொல்லுக்குப் போனது.
ஒருமை என்பதா, பன்மை என்பதா.
ஒருவர் முன்னதை அடித்தார், ஒருவர் பின்னதை.
கறிப்பாப் தட்டு வந்தபோது
நடுவில் இடைக்கோடு போட்டு இரண்டையும் வைத்துக்கொண்டார்கள்.
இடைக்கோட்டை எழுதினேன்.

கிளந்தான் நிழற்கூத்துக்காரர் வான் சுக்ரி
தம் முறை வந்ததும் தோல் விலை சொன்னார்.
ஒரு பாவைக்கு எவ்வளவு மாட்டுத்தோல், அதற்கு எத்தனை வெள்ளி.
'கொஞ்சம் உயர்மட்டத்தில் பேசுவோமே' என்றார் தலைவர்.
வான் சுக்ரி நிமிர்ந்து பார்த்தார்.
அங்கே தொங்குவிளக்கு இருந்தது.

சரவாக்கிலிருந்து வந்த லாவாய் பேசவேயில்லை.
சப்பேயை விமானத்தில் மூட்டைகளோடு போட்டார்களாம்,
கழுத்து முறிந்துவிட்டது.
உறையைத் திறக்காமல்
மடியிலேயே வைத்திருந்தார் நாள் முழுக்க.

புனிதமலர், செந்தூலில் நாடகம் போடுகிறவர்.
கொடுத்தது மூன்று நிமிடம், எடுத்தது அரை.
'ஓர் அறை வேண்டும்.
இரவு பத்து மணிக்கு ஜாகா விரட்டாத அறை.
பலகைத் தரை என்றால் முட்டி தப்பிக்கும்.
சாவி எங்களிடம்.
இருபது ஆண்டெல்லாம் வேண்டாம்,
செவ்வாயும் வியாழனும் போதும்.'

யாரோ இருமினார்கள்.
சீன இசைநாடகக் குழுவின் லிம் சூ இயான்
கை தூக்கினார்: 'அப்படியென்றால் எங்களுக்குத் திங்களும் புதனும்.'
பின்வரிசையிலிருந்து ஒரு குரல்: 'சனி யாருக்கும் வேண்டாமா?'
ஒரு மூச்சு நேரம்
அந்தக் கூடத்துக்குள் இன்னொரு கூடம் எழும்பியது.
கதவு எந்தப் பக்கம், செருப்பை எங்கே விடுவது,
கொங் எந்த மூலை, மத்தளம் எந்த மூலை,
மின்கட்டணம் யார் பெயரில்...
தலைவர் மைக்கைத் தட்டினார்.
மதிய உணவு.

கீழே, லாரி நிற்கும் இடத்தில்
ஒளியமைப்பாளர் சிங்காரவடிவேல் புகைவிட்டபடி சொன்னார்:
'பண்பாடு பண்பாடுன்னு காலையிலேருந்து பேசறாங்க.
பண்ணு அவங்களுக்கு.
பாடு நமக்கு.'
கண்ணில் நீர் வரச் சிரித்தேன்.
என்னவென்று கேட்டார் லிம் சூ இயான்.
மலாயில் சொல்லிப் பார்த்தேன், ஆங்கிலத்தில் சொல்லிப் பார்த்தேன்,
பாதி வழியில் சொல் உடைந்து
ஒரு கையில் பண், ஒரு கையில் பாடு.
என் சிரிப்பைப் பார்த்து அவரும் சிரித்தார்.
அன்று நடந்த ஒரே மொழிபெயர்ப்பு அதுதான்.

நாலு மணிக்கு வழக்கமான மழை.
கண்ணாடிக்கு அப்பால் கோபுரங்கள் காணாமற் போயின.
தலைவர் என் பக்கம் குனிந்தார்.
நல்ல மனிதர்; போன மாதம் இதே மழையில்
என்னை எல்.ஆர்.டி நிலையம் வரை இறக்கிவிட்டவர்.
மெதுவாகச் சொல்லச் சொல்ல எழுதினேன்:
'இடவசதித் தேவைகள் கவனத்தில் கொள்ளப்பட்டன.'
முற்றுப்புள்ளியும் அவரே சொன்னார்.

வீட்டில், இரவு, ஒன்பதாம் பக்கத்தில்
ஒரு கட்டம் போட்டேன்.
திங்கள், லிம் சூ இயான். செவ்வாய், புனிதமலர்.
புதன், வியாழன் அதே போல.
வெள்ளி, லாவாய், கருவி சரியானால்.
அறை எது என்ற இடத்தில் ஒரு கோடு.
இணைப்பு என்று தலைப்பிட்டு அனுப்பிவிட்டேன்.

அடுத்த வாரம் அலுவலகத்திலிருந்து போன்:
'சனிக்கிழமை காலியாக இருக்கிறதே, பிழையா?'
பிழையில்லை என்றேன்.
அப்படியே விடுங்கள்,
யாரோ கேட்டிருந்தார்கள்.