ஓர் உயிர் வித்தியாசம்

மண்டபம் ஸ்டேஷனுக்குப் பின்னால்
ஐஸ் கம்பெனி மாடியில் எங்கள் அலுவலகம்.
ஃபேன் போட்டால் பேப்பர் பறக்கும்,
நிறுத்தினால் கருவாடு மணக்கும்.
பறக்கட்டும் என்பார் முதலாளி சீனி அபுதாகிர்.
பேப்பர் மேல் நான் வைத்திருப்பது
யாரோ வெட்டிப்போட்ட கன்டெய்னர் சீலின்
இரும்புத் தண்டு. நம்பர் பாதி தேய்ந்திருக்கும்.

இன்வாய்ஸ் மூன்று பிரதி, பேக்கிங் லிஸ்ட் மூன்று,
ஷிப்பிங் பில், சுகாதாரச் சான்று,
அடியில் வைக்கும் மரப்பலகைக்குப்
புகையிட்டதாக ஒரு சான்று,
எங்கே பிறந்தது என்று ஒரு சான்று.

அந்தத் தாளில்தான் எப்போதும் கை நிற்கும்.
வலையில் விழுந்தது பாம்பனுக்குத் தெற்கே.
முந்தின ராத்திரி எந்தப் பக்கம் மேய்ந்தது,
யார் பார்த்தார்?
எனக்கு முன் இந்த நாற்காலியில் இருந்த
அருள்செல்வியும் யோசித்திருப்பாள்.
யோசித்துவிட்டு,
பெரிய எழுத்தில் இந்தியா என்று அடித்திருப்பாள்.
நானும் அடித்தேன்.

பாலத்தில் பஸ் ஏறினால்
என் போன் அக்கரைக் கோபுரத்தைப் பிடித்துக்கொண்டு
வருக வருக என்கிறது.
சரக்குக்கு அந்த வழி கிடையாது.
அது சாயல்குடி, வேம்பார் என்று லாரியில் போய்
தூத்துக்குடியில் எடை பார்த்து, எக்ஸ்ரே பார்த்து,
சுங்கத்தின் முத்திரை வாங்கிக்
கப்பலேறிக் கொழும்பு போகவேண்டும்.
போயிற்று. நானூறு பெட்டி, எட்டு டன்.

பன்னிரண்டாம் தேதி வங்கியிலிருந்து மெயில்.
ஆவணங்கள் ஏற்பதற்கில்லை.
எல்.சி.யில் சரக்கின் விவரம்: காய்ந்த நெத்தலி.
உங்கள் இன்வாய்ஸில்: காய்ந்த நெத்திலி.

ஆங்கிலத்தில் அடித்த தமிழ் மீன்.
ஒரே ஓர் உயிரெழுத்து மாறிவிட்டது.
சுகாதாரச் சான்றை எடுத்துப் பார்த்தேன்,
துணைக்கு வருமென்று.
அதில் லத்தீனில் மூன்றாவதாக ஒரு பெயர்.
இரண்டு கரையிலும் எவரும்
அந்தப் பெயர் சொல்லி மீன் வாங்கியதில்லை.

ஷிப்பிங் பில்லைத் திருத்தலாமா என்று
தூத்துக்குடி ஏஜென்ட் சகாயராஜைக் கேட்டேன்.
திருத்தலாம், நூற்று நாற்பத்தொன்பதாம் பிரிவு,
மனுப் போடணும், கட்டணம் கட்டணும்,
அப்புறம் அவங்க கேப்பாங்க என்றார்,
அப்ப நீங்க அனுப்புனது எந்த மீனு?

கொழும்புத் துறைமுகத்தில் பெட்டிக்கு
நாள் வாடகை ஓடிக்கொண்டிருந்தது.

சாயங்காலம் காயப்போடும் களத்தில் இறங்கினேன்.
ராக்கு வலைத்துணியை உதறிக்கொண்டிருந்தாள்.
விஷயத்தைச் சொன்னதும் சிரிக்கவில்லை.
அங்கிட்டு எப்படிச் சொல்லுவாக?
நெத்தலி.
வாய்க்குள் ஒருதரம் சொல்லிப் பார்த்தாள்.
நல்லாத்தான இருக்கு என்றாள்.
எனக்குக் கோபம் வந்தது, அவள்மேல் அல்ல.

இரவு புறக்கோட்டையிலிருந்து குரூஸ் பேசினார்,
மன்னார்க்காரர், குரலில் இருமல்.
பிள்ளை, நாங்கள் நெத்தலி எண்டுதான் சொல்றது,
எல்.சி. எழுதேக்க அப்பிடியே சொல்லிப்போட்டன்.
நான் பேங்குக்கு ஒத்துக்கொண்டு கடிதம் குடுக்கிறன்,
நீங்கள் ஒண்டையும் திருத்த வேணாம்.
அங்க மழையோ?
இல்லை என்றேன்.
இஞ்ச இருட்டிக்கொண்டு வருது என்றார்.

வித்தியாசக் கட்டணம் எழுபத்தைந்து டாலர்
கழித்துக்கொண்டு பணம் வந்தது.
ஒரு மெய்யோடு ஒட்டிக்கிடந்த
அந்த உயிரின் விலை அவ்வளவு.
வாடகையைக் குரூஸ் கேட்கவில்லை.
அபுதாகிர் அடுத்த விலையில் குறைத்துக் கொடுத்தார்,
யாரும் அதை எங்கும் எழுதவில்லை.

இந்த மாத எல்.சி. நேற்று வந்தது.
விவரத்துக்கு நேரே விரல் வைத்து
எழுத்தெழுத்தாக வாசித்தேன்:
காய்ந்த நெத்திலி.

குரூஸ் எங்களுக்காக மாற்றியிருக்கிறார்.
நான் இன்வாய்ஸை ஏற்கெனவே அடித்துவைத்திருந்தேன்,
நெத்தலி என்று,
மூன்று பிரதி.