பதினைந்து யார்டு

எங்கள் ஊர் டீமில்
அந்தப் பந்தைக் காலால் தொடுகிறவன் நான் ஒருவன்தான்.
மற்றவர்கள் கைக்குழந்தையைப்போல் நெஞ்சோடு அணைத்து ஓடுவார்கள்,
அணைத்தவனை மோதிச் சாய்ப்பார்கள்.
எல்லா முயற்சியும் வீணான பிறகு
என்னிடம் வரும் பந்து.
தூர உதைத்துவிட்டு வெளியேற வேண்டும்.

அதை எனக்கு அனுப்புகிறவன்
கார்பின் ஹெஸ்லர், எண் ஐம்பத்தெட்டு.
குனிந்து, தன் கால்களுக்கு நடுவே பார்த்து,
பதினைந்து யார்டு பின்னால் நிற்கும் என் கைக்கு
முக்கால் நொடியில் எறிவான்.
நான்கு வருடமும் என்னை அவன் தலைகீழாகத்தான் பார்த்தான்,
புல்லிலிருந்து தொங்கும் வௌவாலாக.

நெப்ராஸ்காவின் மேற்கு ஓரம்.
அக்டோபர் வந்தால் வெள்ளை பீட்ரூட் மலைமலையாய்க் குவியும்.
சர்க்கரை ஆலைதான், ஆனால்
ஊருக்குள் ஒரு மூச்சு இனிப்புக் கிடையாது,
வேகவைத்த மண்ணின் நாற்றம்.
அப்பாவின் லாரிக்குப் பின்னால் டயர் ஒன்றைக் கட்டித் தொங்கவிட்டு
அதன் ஓட்டைக்குள் தினம் இருநூறு முறை எறிவான்.
விரல்நுனி பனியில் வெடித்து
பந்தின் தையலில் ரத்தம் காய்ந்திருக்கும்.
"இந்த நேரத்துக்கு நாலு தட்டுக் கழுவியிருக்கலாம்" என்பாள்
அவன் அம்மா லோர்னா, ஜன்னல் வழியாக.

பிறகு அந்த அரையிறுதி.
இரண்டு புள்ளி முன்னால் இருந்தோம்,
நாற்பது நொடி மிச்சம்.
பந்து வந்தது.
உண்மையைச் சொல்கிறேன்: நெஞ்சுக்கு நேராக வந்தது.
நான்தான் ஒரு கண்ணிமைப்பு
ஓடிவருகிறவனைப் பார்த்துவிட்டேன்.
கையில் பட்டு வழுகி
பனியில் குட்டிநாயாய் உருண்டு போனது,
அதன்மேல் அவர்கள் விழுந்தார்கள்.

எழுந்தவுடன் கார்பின் தன் மார்பைத் தட்டிக் காட்டினான்,
மொத்த ஸ்டேடியமும் பார்க்க:
என் தப்பு.

பஸ்ஸில் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன்.
மூன்று மணி நேரம்.
இல்லை என்று சொல்ல ஒரு வார்த்தை போதும்.
ஜன்னல் கண்ணாடியில் விரலால்
எதையோ கிறுக்கிக்கொண்டே வந்தேன்.

சலூனில், பெட்ரோல் பங்கில், ஞாயிறு சர்ச் வாசலில்
"ஹெஸ்லர் பையன் உயர எறிஞ்சுட்டான்."
ஒரு குளிர்காலம் முழுக்க.
நான் தொப்பியை இறக்கிவிட்டுக் காப்பி குடித்தேன்.

மாநிலப் பல்கலைக்கழகத்துக்கு அவன் அனுப்பிய வீடியோவில்
அந்தப் பந்தும் இருந்தது.
ஏன்டா என்றேன்.
"நான் எறிஞ்சதிலேயே நல்லது அதுதான்."
அங்கே பார்த்தவர்கள்
பந்து என் கைக்கு வரும்வரை பார்த்தார்களாம்.
அதற்கப்புறம் நடந்தது அவர்களுக்குத் தேவைப்படவில்லை.
கடிதம் வந்தது: இடம் உண்டு, ஸ்காலர்ஷிப் இல்லை.

விடுதி மெஸ்ஸில் தட்டுக் கழுவினான்.
லோர்னா கேட்டுச் சிரித்தாள்,
பிறகு சமையலறைக்குள் போய்
வெகுநேரம் வெளியே வரவில்லை.
இரண்டு வருடம் பெஞ்ச்.
மூன்றாம் வருடம், செப்டம்பர்,
முழங்கால் உடைந்த யாரோ ஒருவனின் இடத்தில்
இறங்கினான். எண் மாறியிருந்தது.

இன்று ஆலை கேன்டீனில் டிவி.
இரவு ஷிப்ட், நீராவி, ஈர பூட்ஸ்.
தொண்ணூறாயிரம் பேர் நடுவே
குனிந்திருக்கும் ஒரு முதுகு.
கேமரா அவனை ஒருபோதும் பிடிக்காது.
அறிவிப்பாளர் பெயர் சொல்லவில்லை,
அந்த வேலையில் பெயர் வராமலிருப்பதுதான் பாராட்டு.

"ஐம்பத்தெட்டா அது? நம்ம ஊரைக் கவுத்தவனா?" என்றான்
எதிரே சாண்ட்விச் தின்ற வெஸ்.
"இப்ப அறுபத்தொண்ணு," என்றேன்.
அப்புறம், ஆறு வருடம் தாமதமாக,
"கவுத்தது நான்."

வெஸ் மென்றுகொண்டிருந்தான்.
ஆலை இரைச்சலில் கேட்டதா தெரியவில்லை.
இன்னொரு முறை சொல்ல வாயெடுத்தேன்,
அதற்குள் திரையில் பந்து கிளம்பிவிட்டது.
மேஜைக்கு மேல் என் இரண்டு கையும்
தானாக விரிந்து நின்றன.