வரவுப் பதிவேடு, எண் 73

தலையணை உறை, ஒன்று.
காடாத் துணி. ஓரமெல்லாம் கைப்பின்னல்.
கொடுத்தவர்: சென்னியப்பன்,
மாவுமில் வீதி, தாராபுரம்.
காலம் என்கிற கட்டத்துக்கு
"அம்மா கண்ணாலத்துக்கு முந்திப் போட்டதுங்க" என்றார்.
அப்படியே எழுதிக்கொண்டேன்.

முகப்பில் இரண்டு பச்சைக்கிளி.
நடுவில் சிவப்பு நூலில் நாச்சிமுத்து.
"எங்கப்பனுங்க."
ஒரு கிளிக்குக் கண் இல்லை.

அளவெடுக்கத்தான் உள்பக்கம் திருப்பினேன்.
ஜன்னலுக்கு நேராகப் பிடித்தபோது
சிவப்புக்கு அடியில்
வேறொரு பெயரின் ஊசித்துளைகள்.
நான்கெழுத்தோ ஐந்தோ.
பிரித்த கை அவசரப்படவில்லை,
துணி எங்கும் கிழியவில்லை.
கடைசி மெய்யின் புள்ளி மட்டும்
கிளிப்பச்சையில் ஒரு முடிச்சாக
அங்கேயே இருந்தது.

"கறைங்களா?" என்று எட்டிப் பார்த்தார்.
நூல் முடிச்சுங்க என்றேன்.

குறிப்பு: நல்ல நிலை.
ஓரிடத்தில் பச்சை நூல்.
பேனா அதற்குமேல் நகரவில்லை.

"நாளைக்குத் தேச்சுக் கொண்டாந்து தரட்டுங்களா?
சுருக்கமா இருக்குதே."

சூடு பட்டால் துளைகள் மூடிக்கொள்ளும்.
அதைச் சொல்லாமல்
வேண்டாங்க, இங்கே எல்லாமே
வந்தபடிதான் வைப்போம் என்று
கண்ணாடிப் பெட்டியைத் திறந்தேன்,
கிளிகள் மேலே தெரிய.