கடைசி சீட்டு வரை

பிள்ளைகள் எல்லாரும் இறங்கின பிறகு
கடைசி சீட்டு வரை நடந்து
ஒவ்வொரு சீட்டுக்கடியிலும் குனிந்து பார்த்து
பின்கண்ணாடியில் பச்சை அட்டையை மாட்ட வேண்டும்:
யாருமில்லை.
ஷார்ஜாவில் பதினான்கு வருஷமாக
எனக்குச் சம்பளம் அதற்குத்தான்.

போன ஏப்ரலில் ஒருநாள் நான் குனியவில்லை.
முழங்கால் வேண்டாம் என்றது.
நடந்துகொண்டே இரண்டு பக்கமும் ஒரு பார்வை,
அட்டையை மாட்டிவிட்டு இறங்கிவிட்டேன்.

வண்டியைப் பூட்டப்போன குல்சமான்
தண்ணீர் பாட்டிலை மறந்து திரும்ப ஏறினான்.
ஏழாவது சீட்டுக்கடியில் கேஜி பையன் ஒருவன்
பையைக் கட்டிப்பிடித்துத் தூங்கிக்கொண்டிருந்தான்.

இரண்டு நிமிஷம்தான்.
ஏசிக் குளிர்கூட இன்னும் வடியவில்லை.
கண்ணைக் கசக்கி, ஸ்கூல் எத்தியோ என்றான்
மலையாளத்தில்.
குல்சமான் யாரிடமும் சொல்லவில்லை.
அவன் சொல்லாதது
அன்று ராத்திரி என் பங்க் கட்டிலில்
என்னை ஒட்டிப் படுத்திருந்தது.

வயது அறுபத்தொன்று.
சர்க்கரை இருநூற்று நாற்பது.
மேல் கட்டில் ரெஜினாள் சொன்னாள்,
'போதும் பிலோமி, ஊருக்குப் போய் ஓய்வெடு.'
நல்ல மனசோடுதான் சொன்னாள்.
எனக்கு அது பச்சை அட்டை மாதிரிக் கேட்டது.

கிளினிக்கில் பிலிப்பைன்ஸ் பெண்ணொருத்தி
ஒரு நாற்காலியைக் காட்டினாள்.
கையை நெஞ்சில் கட்டிக்கொண்டு
எழுந்திரிக்கச் சொன்னாள்.
இவ்வளவுதானா என்று நினைத்தேன்.
எழ முடியவில்லை.
இன்னொரு தடவை முக்கிப் பார்த்தேன்,
நாற்காலிதான் கிரீச்சென்றது.

அவள் சிரிக்கவில்லை.
'இரண்டு தலையணை போட்டு உட்காருங்கள்.
நாளைக்கு ஒரே ஒரு தடவை.'

ரோல்லாவில் ஆறு பேர் இருக்கும் அறையில்
பிளாஸ்டிக் நாற்காலியைச் சுவரோடு சேர்த்துப் போட்டு
எல்லாரும் தூங்கும்போது எழுந்தேன், உட்கார்ந்தேன்.
ஒன்று.
ஒரு வாரம் கழித்து இரண்டு.
மே மாதக் கடைசியில் ஒரு தலையணை
கட்டிலுக்குத் திரும்பிப் போனது.

ஜூனில் ரோட்டில் நடக்க முடியுமா,
காலை ஆறு மணிக்கே செருப்புக்கு வியர்க்கும்.
கடை திறக்காத மாலுக்குள் நடந்தேன்.
இறக்கிவிட்ட ஷட்டர்கள், ஈரத் தரை,
ஜெபமாலை மாதிரி மணி உருட்டியபடி ஓர் எகிப்துக்காரர்,
பேச்சை நிறுத்தாமல் மூன்று குஜராத்திப் பெண்கள்.
அவர்கள் என்னை இரண்டு தடவை முந்துவார்கள்.
ஆகஸ்டில் ஒரு தடவை.

தினமும் போனேன் என்றால் பொய்.
மழுப்பின நாட்கள் உண்டு,
பிரியாணி வந்த வெள்ளிக்கிழமைகள் உண்டு.
இரண்டு குப்பூஸ் ஒன்றானது.
நாலு கரக் சாயா ஒன்றானது,
அந்த ஒன்றில் சீனி இருக்கிறது.
டாக்டரம்மாவுக்குத் தெரிய வேண்டாம்.

விடுமுறை முடிந்து வண்டி கிளம்பின அன்று
கடைசிப் பிள்ளையும் இறங்கியாயிற்று.
உள்ளே நான் மட்டும்.
முதல் சீட்டு. குனிந்தேன்.
கம்பியைப் பிடிக்காமல் நிமிர்ந்தேன்.
இரண்டாவது. மூன்றாவது.
ஏழாவதில் கொஞ்சம் அதிக நேரம் பார்த்தேன்.
பதினொன்றில் ஒரு ரப்பரும் பாதி பிஸ்கட்டும்.
முழங்கால் பேசிக்கொண்டேதான் வந்தது,
பேசட்டும் என்று விட்டேன்.

அட்டையை மாட்டிவிட்டு வாசலுக்கு வந்தால்
வழக்கம்போலப் படியடியில்
கையை நீட்டிக்கொண்டு குல்சமான்.
ஆறேழு வருஷமாக
அந்தக் கையைப் பிடித்துத்தான் இறங்குவேன்.

அதில் என் சாப்பாட்டுப் பையைக் கொடுத்தேன்.
பையைப் பார்த்தான். காலைப் பார்த்தான்.
நான் இறங்கி முடிக்கிற வரை
'வாங்க அம்மாஜி' என்று சொல்ல
மறந்துபோனான்.