உடம்பு மட்டும் பக்கிரிசாமி

சேதி வந்தபோது நீடாமங்கலம் கேட் மூடியிருந்தது.
மூடினால் திறக்க அரைமணி. சரக்கு வண்டி
முன்னால் போகும், யோசிக்கும், பின்னால் வரும்.
மன்னார்குடி பஸ் படிக்கட்டில் ஒருவன் கத்தினான்:
“டேய், நம்மாளு விவசாயியாம்டா!”

இருபத்தேழாவது படம். பெயர் வைக்கவில்லை.
பெயர் வைக்காத படத்துக்கு
கேட்டுக்கு இந்தப் பக்கம் நாற்பது ஹாரன்,
அந்தப் பக்கத்திலிருந்து பதிலுக்கு நாற்பது.
நடுவே யாருக்கும் ரசிகரில்லாத காலி வேகன்கள்
நகர்ந்துகொண்டிருந்தன.

என்னுடையது ஃபிளக்ஸ் கடை.
காதுகுத்து, கட்சி, கண்ணீர் அஞ்சலி
எல்லாம் ஒரே மையில் அடிப்பேன்.
அருள்தாஸ் வந்தார், மன்றச் செயலாளர்,
கொள்முதல் நிலையத்தில் மூட்டை தூக்குகிறவர்.
நெல்தூசியோடு நோட்டுகளை எடுத்து வைத்தார்.
பதினாறுக்கு இருபது, நாளைக் காலையில்.
“படம் எங்கே?” என்றேன்.
“படமே இன்னும் எடுக்கல, படம் கேக்குற.”
அதுவும் சரிதான்.

கணினியில் நம்மாளின் தலைகள் முந்நூற்றுப் பன்னிரண்டு.
சிரிக்கும் தலை, ரத்தம் வழியும் தலை,
தொப்பியை எடுத்தால் முடியும் கூடவே வந்துவிடும் போலீஸ் தலை.
உழவன் உடம்பு ஒன்றுகூட இல்லை.
ஒரே ஒரு பாட்டில் வயலில் இறங்கினார்,
அதுவும் பூட்ஸோடு.

கடைக்குள் அதற்குள் முக்கால் படம் ஓடிவிட்டது.
மேட்டூர்த் தண்ணீர் கடைமடைக்கு வரும் நாளில் அறிமுகம்;
அவர் முன்னால் நடப்பார், தண்ணீர் பின்னால் வரும்.
கல்லணையில் என்றான் ஜெகபர்.
இல்லை, நம்ம மூணாறு தலைப்பில்தான்,
வெண்ணாறு மூன்றாய்ப் பிரிகிற இடத்தில்
மூன்று வில்லன் நிற்பார்களே என்றான் இன்னொருவன்.
வில்லன் யார்?
எண்ணெய்க் கம்பெனிக்காரன்.
“அதெல்லாம் பழசு. ஈரப்பதம் பதினேழுக்கு மேலன்னு
மூட்டையத் திருப்புறானே, அவன்தான்.”
அருள்தாஸ் கொஞ்ச நேரம் மின்விசிறியைப் பார்த்தார்.

வாசலில் பக்கிரிசாமி, கையில் அடங்கல் நகல்.
கோயில் நிலம் மூன்று ஏக்கர் குத்தகை,
முதல்நாள் முதல்காட்சி தவறவிடாதவன்.
கூட்டிப்போய் அவன் குறுவை வரப்பில் நிறுத்தினேன்.
மம்பட்டி தோளில், வேட்டி மடித்து.
அவன் தலைசீவத் தொடங்கினான்.
“கழுத்துக்குக் கீழதான் பக்கிரி.”
“இருந்தாலும்,” என்றான்.
சீவி முடிக்கும்வரை காத்திருந்தேன்.

ராத்திரி தலையை வைத்துப் பார்த்தால் நிறம் சேரவில்லை.
தலையைக் கருக்கினால் என்னைக் கருக்கிவிடுவார்கள்.
பக்கிரியின் கைகளை நான்கு படி வெளுத்தேன்.
முழங்காலை, பாதத்தை.
வலது கட்டைவிரலில் நகமில்லை என்பதைக் கவனிக்கவில்லை.

கேட்டுக்குப் பக்கத்தில் ஏற்றினோம். பால், பட்டாசு.
சந்தைக்குப் போன வளர்மதி, பக்கிரியின் மனைவி,
மூடிய கேட்டில் பஸ்ஸுக்குள் உட்கார்ந்து
அரைமணி அதையே பார்த்துவிட்டு
பக்கத்து சீட்டுக்காரியிடம் சொன்னாளாம்:
“மூஞ்சி யாருதோ. கால் எங்க வீட்டுது.”

பதினோராம் நாள் அவர்களே படத்தை வெளியிட்டார்கள்.
பனி. கோட்டு. எரிகிற ஹெலிகாப்டர்.
புல்கூட இல்லை.
கடைக்குள் யாரும் யாரையும் பார்க்கவில்லை.
பிறகு அருள்தாஸ் தொண்டையைச் செருமினார்:
“ரெண்டாம் பாதியில விவசாயி.”
ஜெகபர் உடனே, “ஃபிளாஷ்பேக்!”
பக்கிரிசாமி சொன்னான்,
கோட்டுக்குள்ளே ஒரு துண்டு நுனி தெரிகிறது என்று.
பெரிதாக்கிப் பார்த்தோம். நிழல்தான்.
துண்டு என்றே வைத்துக்கொண்டோம்.

புரட்டாசியில் கொட்டித் தீர்த்தது.
கொள்முதல் நிலையத்தில் தார்ப்பாய் போதவில்லை.
பக்கிரியின் நெல் எட்டு நாளாய் வரிசையில் கிடந்தது.
அருள்தாஸ் ஃபிளக்ஸை அவிழ்த்துவந்து போர்த்தினார்.
தலைப்பக்கத்தை உள்ளே மடித்தார்,
நம்மாளு நனையக் கூடாது.
வெளியே கால்கள்.
நகமில்லாத விரல்மேல் விடியவிடிய மழை.

இன்று மறுபடியும் கேட் மூடியிருக்கிறது.
இருபத்தெட்டில் மீனவராம்.
குவியலில் முளைவிட்டதைப் பொறுக்கிக்கொண்டே
பக்கிரி போனில் கேட்கிறான்:
“உடம்புக்கு ஆள் பாத்தாச்சா?”