இல்லையென்றால்

வேர் மேலே இருக்கும் மரம் இது.
ஜாவா கொடுத்தபடியே விட்டால்
கிளைக்குக் கிளை மஞ்சள் கோப்புறை,
நுனியில் மடித்த காகிதம்.
மரிபோர் மருத்துவமனையின் நிலவறையில்
கொதிகலனுக்கு அடுத்த அறையில் உட்கார்ந்து
மூன்று வாரமாக அதைத்தான் மாற்றிக்கொண்டிருந்தேன்.

கோப்புறைக்குப் பதில் கதவு.
காகிதத்துக்குப் பதில் கட்டில்;
பதினாறுக்குப் பதினாறு புள்ளிக்குள்
தலையணையும் தெரியவேண்டும் என்றாள் ஸ்வோன்கா,
இரவுப் பணியின் தலைமைச் செவிலி.
கையுறை விரல் தப்பாமல் தொடுவதற்காக
வரியின் உயரத்தைக் கூட்டினேன்.
வேரை மறைத்தேன்.
மருத்துவமனைக்குள் உட்கார்ந்திருப்பவர்களுக்கு
'மருத்துவமனை' என்று எதற்குச் சொல்ல?
ஆளில்லாத அறையைக் கட்டில் என்றே
நினைத்துக்கொண்டது மரம்.
இல்லை, அறைதான், காலியாக இருக்கிறது என்று
தனியாகச் சொல்ல வேண்டியிருந்தது.

வெளியே தெரியாத ஒன்று:
இருநூற்றுப் பதினொரு பெயருக்கும்
பெயர்ப்பலகை ஒன்றே ஒன்று.
ஒரு பெயரை மாட்டிக்கொண்டு திரையில் ஒற்றிவிட்டு
அதே ஈரத்தோடு அடுத்த பெயருக்கு ஓடும்,
தபால் முத்திரைக்கட்டை மாதிரி.

நிரல் ஏறி நாலாம் நாள், அதிகாலை இரண்டேகாலுக்குத் தொலைபேசி.
"ஏழாம் அறைக்குக் கீழே எல்லாரும் சாம்பல் நிறம்."
குரலில் பதற்றமே இல்லை.
"ஒவ்வொரு கட்டிலாகப் போய்ப் பார்த்துவிட்டேன்.
மூச்சு விடுகிறார்கள்.
பெச்சோவ்னிக் குறட்டையே விடுகிறார்."

இறந்தவர் பெயருக்குச் சாம்பல் என்று எழுதியிருந்தேன்.
அதுவரை யாரும் சாகவில்லை.
அன்றிரவு ஓட்டிலியா கொரெனியாக், ஏழாம் அறை, ஜன்னலோரம்.
அவரிடம் தோய்ந்த நிறத்தைக் கழுவாமல்
கட்டை கீழே இறங்கிவிட்டது
எட்டு, ஒன்பது, பத்து,
கடைசியில் பிரசவ வார்டு,
மதியம் பிறந்து பெயர்கூட வைக்காத ஒன்று வரை.

இறந்திருந்தால் சாம்பல். சரி.
இல்லையென்றால்?
அந்த இல்லையென்றாலை நான் எழுதவேயில்லை.
உயிரோடிருப்பது தானாக நடக்கும் என்று விட்டுவிட்டேன்.

ஒரே வரிதான். இல்லையென்றால், கருப்பு.
வீட்டுச் சமையலறையிலிருந்தே அனுப்பினேன்.
அவள் இணைப்பைத் துண்டிக்கவில்லை.
ஒவ்வொருவராகத் திரும்பி வருவதை
வாய்க்குள் எண்ணிக்கொண்டிருந்தாள்,
நூற்று நாற்பதுவரை எனக்கும் கேட்டது.

"கொரெனியாக்கைக் காலைவரை எடுக்காதே," என்றாள்.
"மகன் கோபெர் துறைமுகத்திலிருந்து
வந்துகொண்டிருக்கிறான்."
அந்தக் கட்டிலில் தலையணை இருக்கட்டுமா என்று கேட்டேன்.
இருக்கட்டும் என்றாள்.