இழுவைக் கயிறு

சாங்கி கடற்படைத் தளம். காலை ஐந்தே முக்கால்.
கோப்பி ஓ இன்னும் ஆறவில்லை.
விமானந்தாங்கி வருகிறது.
வருகிறது என்பதுகூடச் சரியில்லை,
வானத்தில் ஒரு பக்கத்தைக் காணோம்.

எங்கள் படகு முப்பது மீட்டர்.
ரோஸ்லான் முன்தளத்தில் நின்று கயிற்றை அனுப்புகிறான்.
ஆறு மாடி உயரத்தில்
மீசை சரியாக முளைக்காத ஒரு சிப்பாய்
அதை வாங்கிக் கட்டுகிறான், கை அசைக்கிறான்.
நானும் அசைக்கிறேன்.
நட்பு உறுதியாயிற்று.

நாளைக்குப் பேப்பரில் வரும்,
பொதுவான விழுமியங்கள், நீண்டகால உறவு,
கைகுலுக்கும் படம்.

எனக்குத் தெரிந்தது தண்ணீர்.
பெரிய கப்பலின் மூக்கருகே
அதற்கொரு குணம் உண்டு: உள்ளே இழுக்கும்.
பகையெல்லாம் இல்லை.
இழுக்கிறோம் என்பதே கப்பலுக்குத் தெரியாது.
தன் போக்கில் போகிறது,
பக்கத்தில் நாம் இருக்கிறோம்.

அதற்கும் நாங்கள் வேண்டும்.
பாதி உலகைச் சுற்றி வந்தது
கடைசி இருநூறு மீட்டரைத் தனியாகக் கடக்காது.
எண்ணெய், முட்டை, பழுதுபார்க்க ஒரு துறை.
எங்களுக்கும் அது வேண்டும்.
ஏனென்று கேட்பவர்
ஒருமுறை வரைபடத்தைப் பார்க்கட்டும்:
எங்கள் நாட்டின் பெயரை எழுத
நாட்டுக்குள் இடமில்லை,
கடலில்தான் எழுதுகிறார்கள்.

என் வலது முழங்கைக்குப் பக்கத்தில் சிவப்புப் பொத்தான்.
அழுத்தினால் கொக்கி கயிற்றை விட்டுவிடும்.
பத்தொன்பது வருடத்தில் ஒரே தடவை அழுத்தியிருக்கிறேன்.
கப்பல் சொல்லாமல் வேகமெடுத்தது,
கயிறு பக்கவாட்டில் விறைத்தது,
கடல் ஜன்னலுக்கு ஏறி வந்தது.
விசாரணையில் கேட்டார்கள்,
"விருந்தாளியின் கயிற்றையா விட்டீர்கள்?"
"படகில் நாலு பேர் இருந்தோம், சார்" என்றேன்.
வேறு பதில் அன்றும் இல்லை.

ஒன்பது மணிக்குக் கப்பல் கட்டியாயிற்று.
மேலே பேண்டு வாசிக்கிறார்கள்.
ரோஸ்லான் அட்டவணையைப் பார்த்துவிட்டு வந்தான்.
செவ்வாய்க்கிழமை வடக்கிலிருந்து ஒன்று,
இவர்களோடு பேச்சுவார்த்தை இல்லாதவர்களுடையது.
"அதே கயிறா, பாஸ்?"

அலசிக் காயப்போடு என்றேன்.
பிரி விட்டிருந்தால் சொல்.
உள்ளே வந்து
பொத்தானை ஒருமுறை அழுத்திப் பார்த்தேன்.
டக்கென்று வாய் திறந்தது கொக்கி.
கோப்பி ஆறிப்போயிருந்தது.
குடித்தேன்.